அதிபரவளைய மாறா விதிகளின் எண்ணியல் தீர்வில் பிழையை மதிப்பிடுவது எப்படி

சாலைப் போக்குவரத்து, ஆழமற்ற நீரோட்டம், வாயு இயக்கவியல் ஆகியவற்றை விவரிக்கும் சமன்பாடுகளுக்கு ஒரு பொது வடிவம் உண்டு. ஓர் அளவு ஒரு பகுதிக்குள் கூடுவதும் குறைவதும் அப்பகுதியின் எல்லைகள் வழியே நிகழும் பாயத்தால் மட்டுமே. இவ்வகைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளே அதிபரவளைய மாறா விதிகள் எனப்படுகின்றன. தொடக்க நிலை எவ்வளவு இழைவாக இருந்தாலும், நேரியல் அல்லாத பாயம் சிறிது நேரத்திலேயே தீர்வில் தாவல்களை, அதாவது அதிர்ச்சி அலைகளை, உண்டாக்கிவிடக்கூடும். வழக்கமான பிழைக் கணக்கு டெய்லர் விரிவை நம்பியிருப்பதால், தாவல் தோன்றிய இடத்தில் அது செல்லாததாகிறது. எனவே "என் நிரல் இரண்டாம் வரிசைத் துல்லியம் கொண்டது" என்னும் கூற்று, அதாவது வலையின் செல் அகலத்தின் இருபடியைப் போலப் பிழை குறைகிறது என்பது, இத்துறையில் தனித்து நிற்க இயலாது. எந்த நார்மில் (பிழையை ஒரே எண்ணாகச் சுருக்கும் அளவுகோலில்), எவ்வகைத் தீர்வுக்கு, எந்த நேரம் வரை என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. பகுதியைச் சிறு செல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சராசரியையும் எல்லைப் பாயங்களால் புதுப்பிக்கும் முடிவுறு கனஅளவு நிரலைத் தாமே எழுதி அதன் பிழையை அளக்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அந்த வேலையை எவ்வாறு செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் நார்மைத் தேர்ந்தெடுங்கள்

ஓர் அதிர்ச்சி அலையின் உயரம் 1 என்றும், கணித்த தீர்வில் அதன் இடம் ஒரு செல்லின் பாதி அளவு விலகியுள்ளது என்றும் கொள்வோம். பெரும நார்மில் பிழை 1 ஆகும். வலையை எவ்வளவு நுணுக்கினாலும் அது 1 ஆகவே நிற்கும். வர்க்கச் சராசரி சார்ந்த எல்2 நார்மில் பிழை செல் அகலத்தின் வர்க்கமூலத்தைப் போலக் குறையும். தனிமதிப்பின் தொகையீடான எல்1 நார்மில் அது செல் அகலத்தைப் போலவே குறையும். தீர்வும் நிரலும் ஒன்றே, ஆனால் கிடைக்கும் வரிசைகள் மூன்று: சுழியம், அரை, ஒன்று.

எல்1 நார்மைத் தேர்வதற்கு வசதி மட்டும் காரணமன்று. ஒற்றைச் சமன்பாட்டின் இரு என்ட்ரோபித் தீர்வுகளுக்கு (இயற்பியலுக்கு ஒவ்வாத தாவல்களை விலக்கும் நிபந்தனையை நிறைவு செய்பவை) இடையிலான எல்1 தொலைவு காலப்போக்கில் ஒருபோதும் கூடுவதில்லை என்று குருஷ்கோவ் 1970-இல் நிறுவினார். தொடக்கத்தில் செய்த பிழை பெருகாது என்பதற்கான இந்த உறுதி எல்2 நார்மிலோ பெரும நார்மிலோ கிடைப்பதில்லை. இதுவரை நிறுவப்பட்ட பிழை மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தச் சுருக்கப் பண்பின் மேல் எழுந்தவை. ஆகையால் முதன்மை அளவாக எல்1 பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும நார்மைத் தாவல்கள் இல்லாத பகுதிகளில் மட்டும் கூடுதல் சோதனையாகப் பயன்படுத்துங்கள்.

அரை வரிசை எங்கிருந்து வருகிறது

ஓரியல்பு முறைகளுக்கு (எந்தச் செல்லின் மதிப்பைக் கூட்டினாலும் அடுத்த காலப்படியின் மதிப்புகள் குறையாத முறைகள்) எல்1 பிழை செல் அகலத்தின் வர்க்கமூலத்துக்கு மேற்படாத அளவில் இருக்கும் என்று குஸ்நெட்சோவ் 1976-இல் காட்டினார். மாறிலிப் பெருக்கத்தில் தொடக்கத் தரவின் மொத்த ஏற்ற இறக்கமும் (எல்லா ஏற்றங்களையும் இறக்கங்களையும் கூட்டிய அளவு) கால இடைவெளியின் வர்க்கமூலமும் இடம்பெறுகின்றன. இந்த முடிவின் முழு நிறுவலைப் படிக்காதவர்களும் அதன் உட்கருவைப் புரிந்துகொண்டால் போதும், பல கணிப்புகளைத் தாமே செய்துகொள்ள முடியும்.

தாவலுள்ள தரவை ஒரு சிறு அகலத்தில் பரப்பி இழைவாக்குகிறோம் என்று கொள்ளுங்கள். அதனால் வரும் எல்1 பிழை அந்தப் பரப்பல் அகலத்துக்கு விகிதச் சமமானது. இழைவாக்கிய தரவின் மீது முதல் வரிசை முறை செய்யும் துண்டிப்புப் பிழையோ (வகைக்கெழுக்களுக்குப் பதில் செல்களின் வேறுபாடுகளை வைப்பதால் வருவது), செல் அகலத்தைப் பரப்பல் அகலத்தால் வகுத்தால் வரும் அளவினது. பரப்பல் அகலத்தைக் கூட்டினால் முதல் பிழை வளரும், குறைத்தால் இரண்டாம் பிழை வளரும். இரண்டும் சமமாகும் இடத்தில் பரப்பல் அகலம் செல் அகலத்தின் வர்க்கமூலமாக அமைகிறது. மொத்தப் பிழையும் அதே அளவுதான்.

இதே வாதத்தை இரண்டாம் வரிசை முறைக்குச் செய்து பாருங்கள். துண்டிப்புப் பிழை இப்போது செல் அகலத்துக்கும் பரப்பல் அகலத்துக்கும் இடையிலான விகிதத்தின் இருபடி. சமப்படுத்தினால் அடுக்கு 2/3 என்று வரும். மூன்றாம் வரிசை முறைக்கு 3/4. முறையின் வரிசையை, அதனினும் ஒன்று கூடிய எண்ணால் வகுக்க வேண்டும் என்பதே பொது விதி. நேரியல் அலையில் நகரும் தாவலை எந்த உயர்வரிசை முறையால் கணித்தாலும் எல்1 வரிசை ஒன்றை எட்டாமல் நிற்பதன் காரணம் இதுதான். ஐந்தாம் வரிசை நிரல் 5/6 காட்டும்போது நிரலில் பிழை இருப்பதாக எண்ணி வாரக்கணக்கில் தேடும் மாணவர்களுக்கு இந்தச் சிறு கணக்கு பெரிதும் உதவும்.

அதிர்ச்சி அலையில் நிலைமை வேறு. அங்கே சிறப்பியல்புக் கோடுகள், அதாவது தீர்வின் மதிப்பு சுமந்து செல்லப்படும் பாதைகள், இரு பக்கமிருந்தும் தாவலுக்குள் பாய்கின்றன. முறையின் செயற்கைப் பாகியல் (எண்ணியல் முறையே புகுத்தும் விரவல்) தாவலைப் பரப்ப முயன்றாலும், பாயம் அதை மீண்டும் ஒடுக்குகிறது. எனவே பரவல் அகலம் காலத்தோடு வளராமல் சில செல்களுக்குள் அடங்குகிறது, எல்1 பிழை செல் அகலத்தின் முதல் அடுக்கில் குறைகிறது. எண்ணிக்கையில் முடிவுறு அதிர்ச்சி அலைகள் மட்டும் கொண்ட துண்டுமாறிலித் தீர்வுகளுக்கு ஓரியல்பு முறைகளின் வரிசை ஒன்று என்பதை டெங், ஜாங் ஆகியோர் 1997-இல் நிறுவினர். ஒரு புள்ளியிலிருந்து விரியும் விரிவலையில் பிழை ஒன்றாம் அடுக்கோடு ஒரு மடக்கைக் காரணியும் சேர்ந்த அளவினது.

அப்படியானால் குஸ்நெட்சோவின் அரை வரிசை மிகைப் பாதுகாப்பா? இல்லை. நேரியல் சமன்பாட்டில் அதை மேம்படுத்த இயலாது என்று டாங், டெங் ஆகியோர் 1995-இலும், நேரியல் அல்லாத பாயத்திலும் தகுந்த தொடக்கத் தரவுக்கு அது எட்டப்படுகிறது என்று சாபாச் 1997-இலும் காட்டினர். தேற்றம் எல்லாத் தரவுகளுக்கும் பொறுப்பேற்கிறது, உங்கள் சோதனையோ ஒரு தரவுக்கு மட்டும் விடை சொல்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே அட்டவணையைப் படிக்க வேண்டும்.

முதல் சோதனை: நகரும் படி

அலை வேகம் 1, தாவல் உயரம் 1, இறுதி நேரம் 1, சி.எஃப்.எல். எண் (ஒரு காலப்படியில் அலை கடக்கும் தூரத்தைச் செல் அகலத்தால் வகுத்தது) 0.5 என வைத்து, செல் எல்லையில் அமைந்த ஒற்றைப் படியை முதல் வரிசை அப்விண்டு முறையால் (அலை வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பைப் பயன்படுத்துவது) நகர்த்துங்கள். இந்த முறை உண்மையில் ஒரு விரவல் சமன்பாட்டைத் தீர்ப்பதைப் போலவே நடந்துகொள்கிறது. அதன் விரவல் கெழு, வேகம், செல் அகலம், ஒன்றிலிருந்து சி.எஃப்.எல். எண்ணைக் கழித்தது ஆகிய மூன்றின் பெருக்கலில் பாதி. நம் எண்களுக்கு அது செல் அகலத்தின் கால் பங்கு. அதிலிருந்து எல்1 பிழையைக் கையாலேயே கணிக்கலாம்:

எல்1 பிழை ≈ √(செல் அகலம் ÷ பை)

ஓர் அலகு நீளத்துக்கு 100 செல்கள் எனில் 0.0564, 200 எனில் 0.0399, 400 எனில் 0.0282, 800 எனில் 0.0199 கிடைக்க வேண்டும். உங்கள் நிரல் இந்த எண்களைத் தராவிட்டால் மேற்கொண்டு செல்லாதீர்கள். சுழற்சி எல்லையுடன் சதுரத் துடிப்பை நகர்த்தினால் தாவல்கள் இரண்டாதலால் பிழையும் இருமடங்காகும். சி.எஃப்.எல். எண் 1 என்று மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டாம். அப்போது அப்விண்டு முறை தரவை அப்படியே ஒரு செல் நகர்த்திவிடுவதால் பிழை சுழியமாகி, சோதனை எதையும் சொல்லாமல் முடிந்துவிடும்.

இரண்டாம் சோதனை: பர்கர்ஸ் சமன்பாடு

பாயம் தீர்வின் இருபடியில் பாதியாக அமையும் பர்கர்ஸ் சமன்பாட்டை, 0 முதல் 2 பை வரை சுழற்சி எல்லையுடன், தொடக்க நிலை "அரை கூட்டல் சைன்" என எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் 1 வரை தீர்வு இழைவாக இருக்கும். அதன்பின் ஓர் அதிர்ச்சி அலை தோன்றி, வேகம் அரையுடன் நகரும். நேரம் 2-இல் அது பை கூட்டல் 1 என்ற இடத்தில் இருக்கும், அதன் தாவல் உயரம் சுமார் 1.8955. வெறும் சைன் அலையை எடுத்தால் அதிர்ச்சி அலை செல் எல்லையிலேயே அசையாமல் நின்று, பிழை இயல்புக்கு மீறிக் குறைவாகத் தெரியும். அரையைக் கூட்டுவது அதைத் தவிர்க்கத்தான். மேலும் இந்தத் தீர்வு எதிர்மதிப்புகளையும் எடுப்பதால், அலையின் திசை மாறும் புள்ளியை நிரல் சரியாகக் கையாளுகிறதா என்பதும் சோதிக்கப்படுகிறது.

சரியான விடையை எவ்வாறு பெறுவது? பலர் செல்லின் நடுப்புள்ளியில் தீர்வின் மதிப்பை எடுத்து ஒப்பிடுகிறார்கள். முடிவுறு கனஅளவு முறை சேமிப்பது செல் சராசரியை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு செல் அகலத்தின் இருபடியை 24-ஆல் வகுத்து இரண்டாம் வகைக்கெழுவால் பெருக்கிய அளவு. மூன்றாம் வரிசையிலும் அதற்கு மேலும் உள்ள முறைகளில் இந்த வேறுபாடே உண்மைப் பிழையை மூடி மறைத்துவிடும். தொடக்கத் தரவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பர்கர்ஸ் சமன்பாட்டில் செல் சராசரியைத் துல்லியமாகப் பெற ஓர் அழகான வழி உண்டு. அரை வேகத்தில் நகரும் ஆயத்துக்கு மாறினால் தொடக்க நிலை வெறும் சைன் ஆகும். அந்த ஆயத்தில் 0-க்கும் பை-க்கும் இடைப்பட்ட ஒரு புள்ளிக்கு வந்து சேரும் சிறப்பியல்புக் கோட்டின் அடியை (நேரம் சுழியத்தில் அது புறப்பட்ட புள்ளியை) தேட வேண்டும்: அடியோடு, நேரத்தால் பெருக்கிய அடியின் சைனைக் கூட்டினால் அந்தப் புள்ளி கிடைக்க வேண்டும். நேரம் 1-க்கு மேற்பட்டால், கொசைன் மதிப்பு "கழித்தல் 1 வகுத்தல் நேரம்" ஆகும் கோணம் வரையில் இந்தச் சார்பு ஏறுமுகமாகவே உள்ளது. தேவையான மூலம் அந்த இடைவெளியில் ஒன்றே ஒன்றுதான். எனவே இருசமக் கூறிடு முறையைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். நியூட்டன் முறை அதிர்ச்சி அலைக்கு அருகில் தவறான கிளைக்குத் தாவக்கூடும். பை-க்கு அப்பாலுள்ள பாதியைச் சமச்சீரிலிருந்து பெறலாம்.

அடி கிடைத்ததும், தீர்வின் தொகைச் சார்பு ஹாப்ஃப்–லாக்ஸ் வாய்பாட்டிலிருந்து உடனே வருகிறது: ஒன்றிலிருந்து அடியின் கொசைனைக் கழித்து, அதனோடு நேரத்தையும் அடியின் சைனின் இருபடியையும் பெருக்கியதில் பாதியைக் கூட்டுங்கள். ஒரு செல்லின் இரு எல்லைகளிலும் இந்த மதிப்பைக் கண்டு, வேறுபாட்டைச் செல் அகலத்தால் வகுத்து, அரையைக் கூட்டினால் அச்செல்லின் சரியான சராசரி கிடைத்துவிடும். தொகைச் சார்பு தாவலின் மேலும் தொடர்ச்சியாக இருப்பதால், அதிர்ச்சி அலை இருக்கும் செல்லுக்கும் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

வரிசையைக் கணித்தல்

செல் எண்ணிக்கையை 50, 100, 200, 400, 800 என இரட்டித்துக்கொண்டே போங்கள். சி.எஃப்.எல். எண்ணை மாற்றாதீர்கள். அடுத்தடுத்த இரு பிழைகளின் விகிதத்துக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையே காணப்பட்ட வரிசை. ஒரே ஒரு இணையிலிருந்து வரும் எண்ணை நம்ப வேண்டாம். மூன்று நான்கு இணைகளில் எண் நிலைபெற வேண்டும்.

நேரம் 0.5-இல் இரண்டாம் வரிசை நிரல் எல்1 நார்மில் 2-க்கு அருகில் தர வேண்டும். தாவலருகே போலி அலைவுகள் எழாதபடி சரிவைக் கட்டுப்படுத்தும் மின்மாட் போன்ற லிமிட்டர்கள் அலையின் உச்சியிலும் பள்ளத்திலும் சரிவைச் சுழியமாக்கிவிடுவதால், பெரும நார்மில் வரிசை 2-ஐ விடத் தெளிவாகக் குறைந்து தெரியும். அது நிரற்பிழை அன்று, மொத்த ஏற்ற இறக்கத்தைக் கூட்டாத முறைகள் கொடுக்கும் விலை. நேரம் 2-இல் அதே நிரலின் எல்1 வரிசை 1-க்கு இறங்கும், ஏனெனில் அதிர்ச்சி அலையின் ஓரிரு செல்கள் மற்ற எல்லாவற்றையும் விஞ்சிவிடுகின்றன. தாவலின் அண்டையை நீக்கிவிட்டு மீண்டும் அளந்தால் 2 திரும்பக் கிடைக்க வேண்டும். நீக்கும் அகலத்தை இயற்பியல் அலகில், எடுத்துக்காட்டாக இரு பக்கமும் 0.2 என, நிலையாக வைக்க வேண்டும். "தாவலைச் சுற்றி ஐந்து செல்கள்" என்று வைத்தால் வலை நுணுக நுணுக நீக்கப்படும் பகுதியும் சுருங்கி, அளவீடு கலங்கிவிடும்.

காலத்தைப் படிப்படியாக முன்னெடுக்கும் முறையின் வரிசையையும் கவனியுங்கள். இடத்தில் ஐந்தாம் வரிசையும் காலத்தில் மூன்றாம் வரிசையும் இருந்தால், நுண்ணிய வலைகளில் காணப்படும் வரிசை 3-ஐ நோக்கிச் சரியும். இடவரிசையைத் தனியே காண, காலப்படியைச் செல் அகலத்தின் 5/3 அடுக்குக்கு விகிதமாகக் குறையுங்கள்.

சரியான தீர்வு தெரியாதபோது

நடைமுறைக் கணக்குகளில் ஒப்பிட விடை இருக்காது. அப்போது மிக நுண்ணிய ஒரு வலையின் (மேற்கோள் வலையின்) முடிவையே உண்மையாகக் கொள்வது பரவலான வழக்கம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதல் வரிசை முறையை நான்கு மடங்கு, இரு மடங்கு பருமனான வலைகளில் ஓட்டி, மேற்கோள் வலையோடு ஒப்பிட்டால், பிழைகள் 3-க்கு 1 என்ற விகிதத்தில் வரும். வரிசை 1 என்பது 1.58 எனத் தோன்றும். அரை வரிசையோ அதே ஏற்பாட்டில் 1.27 எனத் தோன்றும். மேற்கோள் வலை, ஒப்பிடப்படும் வலைகளுள் மிக நுண்ணியதைவிடப் பல மடங்கு நுண்ணியதாக இல்லாவிட்டால் இந்த எண்கள் பொய். அதைவிட நல்லது மூன்று வலை முறை. அகலம் ஒன்று, பாதி, கால் என்னும் மூன்று தீர்வுகளை எடுத்து, முதலிரண்டின் வேறுபாட்டைப் பின்னிரண்டின் வேறுபாட்டால் வகுத்து மடக்கை காணுங்கள். ஒப்பிடும்போது நுண்ணிய வலையின் இரு செல்களைச் சராசரியாக்கிப் பருமனான செல்லுக்குக் கொண்டுவர வேண்டும். இடைச்செருகல் செய்யக் கூடாது.

ஆயினும் இவ்வகைத் தற்சோதனை, தீர்வு ஏதோ ஒன்றை நோக்கிக் குவிகிறது என்பதை மட்டுமே காட்டும். அது சரியான தீர்வா என்று காட்டாது. இதை வலியுறுத்த இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும், இரண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பர்கர்ஸ் சமன்பாட்டைப் பாய வடிவில் எழுதாமல், "தீர்வு பெருக்கல் அதன் சரிவு" என்ற வடிவில் அப்விண்டு செய்யுங்கள். இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0 எனத் தொடங்குங்கள். இடச் செல்களில் சரிவு சுழியம், வலச் செல்களில் தீர்வே சுழியம். ஆகவே எந்தச் செல்லும் மாறாது. உண்மையில் அதிர்ச்சி அலை அரை வேகத்தில் நகர வேண்டும். எல்1 பிழை நேரத்தில் பாதி, வலையை எவ்வளவு நுணுக்கினாலும் அதுவேதான். தற்சோதனையோ வேறுபாடு சுழியம் என்று சொல்லும்.

இரண்டாவதில் முறை பாய வடிவில்தான் உள்ளது. இடப்பக்கம் கழித்தல் 1, வலப்பக்கம் 1. என்ட்ரோபித் திருத்தம் இல்லாத ரோ பாயம் (செல் எல்லையில் சமன்பாட்டை நேரியலாக்கிக் கணிக்கும் பாயம்) இந்தத் தாவலை அப்படியே நிறுத்தி வைக்கும், ஏனெனில் இருபுறமும் பாயம் சமம். சரியான தீர்வு ஒரு விரிவலை. எல்1 பிழை நேரத்துக்கே சமம், இதுவும் வலையைச் சாராது. 1960-இன் லாக்ஸ்–வெண்ட்ராஃப் தேற்றம் பாய வடிவிலான முறை குவிந்தால் வலுவற்ற தீர்வை (தாவல்கள் இருந்தாலும் தொகையீட்டு வடிவில் சமன்பாட்டை நிறைவு செய்வதை) நோக்கியே குவியும் என்கிறது. அந்தத் தீர்வு என்ட்ரோபி நிபந்தனையை நிறைவு செய்யும் என்று அது வாக்களிக்கவில்லை. எனவே தற்சோதனையோடு, செல் தோறும் என்ட்ரோபி சமனின்மை நிறைவேறுகிறதா என்பதையும் அச்சிட்டுப் பாருங்கள்.

தேற்றத்தின் துணையோடு கணித்த தீர்விலிருந்தே பிழைக்கு மேல்வரம்பு கட்டும் வழியும் உண்டு. பலபரிமாண அப்விண்டு முறைகளுக்கு க்ரோனர், ஓல்பர்கர் ஆகியோர் 2000-இல் தந்த மதிப்பீடு அத்தகையது. அண்டைச் செல்களுக்கு இடையிலான தாவல்களைச் செல் அகலத்தால் எடையிட்டுக் கூட்டி, அத்தொகையின் வர்க்கமூலத்தை முதன்மை உறுப்பாகக் கொள்வது இவ்வகை வரம்புகளின் அமைப்பு. அதிர்ச்சி அலையில் உண்மைப் பிழை ஒன்றாம் அடுக்கில் குறையும்போது இந்த வரம்பு அரை அடுக்கில்தான் குறையும். ஆகவே பிழையின் அளவாக அதைக் கொள்வதைவிட, வலையை எங்கே நுணுக்குவது என்று முடிவுசெய்யப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

தொகுதிகளும் பல பரிமாணங்களும்

வாயு இயக்கவியலின் ஆய்லர் சமன்பாடுகளுக்குச் சோட் 1978-இல் முன்வைத்த அதிர்ச்சிக் குழாய்ச் சோதனை இன்றும் முதல் படி. இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1. வலப்பக்கம் அடர்த்தி 0.125, அழுத்தம் 0.1, இருபுறமும் வேகம் சுழியம், வெப்ப ஏற்புத்திறன் விகிதம் 1.4. இதன் தீர்வில் விரிவலை, தொடுகைத் தாவல், அதிர்ச்சி அலை மூன்றும் உள்ளன. தொடுகைத் தாவலில் சிறப்பியல்புக் கோடுகள் இணையாக ஓடுவதால் அது நகரும் படியைப் போலவே நடந்துகொள்ளும். அடர்த்தியின் எல்1 வரிசை முதல் வரிசை முறையில் 1/2-ஐயும், இரண்டாம் வரிசை முறையில் 2/3-ஐயும் நோக்கிச் செல்லும். வேகமும் அழுத்தமும் அங்கே தாவுவதில்லை, அவற்றின் வரிசை இதைவிட நன்றாக இருக்கும். எனவே மாறிகளைத் தனித்தனியே அட்டவணையிடுங்கள். பருமனான வலைகளில் மூன்று அலைகளின் பிழைகளும் கலந்திருப்பதால் இடைப்பட்ட எண்களே தெரியும். தேவையானால் அலைகளைப் பிரித்துத் தனித்தனி இடைவெளிகளில் அளக்கலாம்.

ஒற்றைச் சமன்பாட்டில் அதிர்ச்சி அலையின் பிழை தாவலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பல சமன்பாடுகள் இணைந்த தொகுதிகளில் மற்ற அலைக் குடும்பங்கள் அதைச் சுமந்துகொண்டு வெளியேறுகின்றன. அதனால் உயர்வரிசை முறையும் அதிர்ச்சி அலை கடந்து சென்ற இழைவான பகுதியில் முதல் வரிசைக்கு இறங்கக்கூடும். அண்டையை நீக்கி அளந்தும் 2 கிடைக்காதபோது முதலில் இதை நினைவுகூருங்கள். தேற்றங்களும் இங்கே மெலிகின்றன: ஒரு பரிமாணத் தொகுதிகளில் கிளிம் முறைக்கு (செல் எல்லைகளில் எழும் அலைகளிலிருந்து மாதிரி மதிப்பை எடுப்பது) பிரெசான், மார்சன் ஆகியோர் 1998-இல் வர்க்கமூலத்தை ஒட்டிய வீதத்தை நிறுவினர், ஆனால் பொதுவான தொகுதிகளில் காடுனாவ் முறைக்கு (அந்த அலைகளைச் செல்லில் சராசரியாக்குவது) அத்தகைய வீதம் நிறுவப்படவில்லை.

பல பரிமாணங்களில், ஒற்றைச் சமன்பாட்டுக்கே, செவ்வக வலையில் அரை வரிசை நிலைக்கிறது. முக்கோணங்கள் போன்ற ஒழுங்கற்ற வலையில் மொத்த ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்த இயலாமையால், பொதுவாக நிறுவப்பட்டுள்ளது 1/4 மட்டுமே. சோதனைகளில் காணப்படுவது பெரும்பாலும் 1/2-க்கு அருகில் இருக்கும். அறிக்கையில் இவ்விரு எண்களையும் வேறுபடுத்தி எழுதுங்கள்.

இரு பரிமாண ஆய்லர் சமன்பாடுகளில் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை (வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரு அடுக்குகளின் எல்லை சுழல்களாகச் சுருள்வது) போன்ற ஓட்டங்களுக்கு வலையை நுணுக்கும்போது புதுப்புதுச் சுழல்கள் தோன்றிக்கொண்டே இருக்கும், அடுத்தடுத்த தீர்வுகளின் எல்1 வேறுபாடு குறையாமலே போகலாம். அங்கே நிரலைக் குறைசொல்வதற்கு முன், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாகக் கலைத்துப் பல ஓட்டங்களை நடத்தி, அவற்றின் சராசரியும் பரவற்படியும் வலையோடு குவிகின்றனவா என்று அளந்து பாருங்கள். ஃபியோர்ட்ஹோம், கேப்பெலி, மிஸ்ரா, டாட்மோர் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட கணக்குகளில் தனித்தனி ஓட்டங்கள் குவியாதபோதும் இந்தப் புள்ளியியல் அளவுகள் குவிந்தன.